தலையணைக்குப் பதில் நான்

ஏழு வயது வரைக்கும் என் காது மூளியாகவே இருந்தது. ஒற்றைப்படை வயதில்தான் காது குத்த வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மூன்றில் குத்துவதாக இருந்து நின்றுபோனது. ஐந்திலும் அப்படியே. வகுப்பில் என்னோடு படித்த பெண்பிள்ளைகள் எல்லாம் தோடும் தொங்கட்டானுமாக வர, நான் மட்டும் தலைமுடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு திரிந்தேன். கோளாறு என் காதில் இல்லை. உட்கார ஒரு மடி கிடைக்காததுதான் கோளாறு.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்குத் தாய்மாமன் ஒருவர்தான், அம்மாவின் தம்பி. அவர் ஒன்றும் கடல் தாண்டி இருக்கவில்லை. நாங்கள் கள்ளிக்குப்பத்தில் இருந்தோம், அவர் சென்னீர்குப்பத்தில் இருந்தார். நடுவில் ஒரு பஸ் மாறினால் போதும். ஆனால் அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லி ஐந்து வருடம் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் அப்பாவும் மாமாவும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில், பக்கத்துப் பக்கத்து லேத்தில் வேலை செய்தவர்கள். ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள். அந்தச் சிநேகத்தில் அப்பா தன் தங்கையை, அதாவது என் அத்தையை, மாமாவுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்தார். பத்திரிகை அடிக்கக் கொடுத்த வாரத்தில் மாமா வேறொரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றார். அவ்வளவுதான். பிறகு அத்தைக்கு ஆவடியில் நல்ல இடத்தில் கல்யாணமாகி ஒரு பையனும் பிறந்துவிட்டான். அத்தைக்கு ஆறிவிட்டது, அப்பாவுக்கு ஆறவில்லை. அண்ணன்மார்களுக்கு இது சகஜம் போலிருக்கிறது.

"எந்தம்பி மடி இல்லாம எம்பொண்ணுக்கு காது குத்த உட மாட்டேன்" என்பது அம்மாவின் கட்சி. "அவன் வந்து உக்காந்தா எந்தங்கச்சி அந்தப் பந்தல்ல எப்டி நிப்பா?" என்பது அப்பாவின் கட்சி. இரண்டிலும் நியாயம் இருந்ததால் இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. ஏழும் தப்பினால் ஒன்பதுதான் என்று தெரிந்ததும் நான் சாப்பிடாமல் இரண்டு நாள் சத்தியாகிரகம் செய்தேன். மத்தியானத்தில் மட்டும் பக்கத்து வீட்டில் சாப்பிட்டேன் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

வழி கண்டுபிடித்தது அம்மாதான். பூந்தமல்லியில் ஸ்டுடியோ வைத்திருந்த பாய் எங்கள் வீட்டுக்கு ரொம்ப வேண்டியவர். அப்பா அம்மா கல்யாணத்துக்குப் படம் எடுத்தவரே அவர்தான். கம்ப்யூட்டர் வந்தபின் அவர் கைவரிசை எங்கேயோ போய்விட்டது. கடையின் கண்ணாடி முகப்பில் தாமரைப் பூவுக்குள் தூங்கும் குழந்தை, புருஷனின் உள்ளங்கையில் அரை அடி உயரத்தில் நிற்கும் பெண்டாட்டி, ஒரே சோபாவில் தன்னோடு தானே சதுரங்கம் ஆடும் ஒரு மீசைக்காரர் என்று வரிசையாக மாட்டியிருப்பார். பஸ் நிலையத்துக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

"அவன் வரவே வாணாம். அவன தனியா எடுக்கட்டும், பாப்பாவ தனியா எடுக்கட்டும். பாய் ரெண்டையும் ஒட்டிக் குடுத்துருவாரு. மண்டப வாசல்ல பேனர்ல தாய்மாமன் மடியில எம்பொண்ணு இருந்தா எனக்குப் போதும்" என்றாள் அம்மா. சடங்கு நாளில் உட்கார அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரின் மடி இரவல் வாங்கப்பட்டது.

மூன்றாம் நாள் அப்பா முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். "படத்துல வேணா இருந்துட்டுப் போட்டும். பந்தல்ல இருக்கக் கூடாது." அதோடு விடாமல் பாய்க்குத் தானே போன் போட்டு நேரமும் குறித்தார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாமா, பன்னிரண்டு மணிக்கு நானும் அம்மாவும். ஒருவர் போன பிறகுதான் இன்னொருவர். ரயில்வேக்காரர்கள்கூட அவ்வளவு கச்சிதமாக நேரம் குறிக்க மாட்டார்கள்.

அந்த வாரமே அப்பா விசேஷத்துக்கு ஜவுளி எடுத்து வந்தார். தனக்கு, தாத்தாவுக்கு, பெரியப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு என்று ஒரே மாதிரி பட்டு வேட்டி. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு எப்போதும் எடுக்கும் அரக்குக் கரை, நடுவில் மஞ்சளாக ஒரு கோடு. அம்மா பிரித்து அடுக்கியபோது ஐந்து இருந்தது.

"நாலு பேருக்கு இன்னாத்துக்கு அஞ்சு?"

"கடைக்காரன் ஒண்ணு சேத்துக் கட்டிட்டான். திருப்பிக் குடுத்துர்றேன்" என்று அப்பா ஒன்றை எடுத்து வண்டியின் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். என் பாவாடையின் ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்த நான் இதையெல்லாம் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, தலை நிறைய மல்லிகையுடன் பஸ்ஸில் போனேன். பிறந்தநாளா என்று மூன்று பேர் கேட்டார்கள். ஸ்டுடியோவின் கதவைத் தள்ளிய அம்மா அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே பச்சைத் துணி மூடிய நாற்காலியில் ஒருவர் அரிசி மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் என் மாமா.

"நீ இன்னும் போலியாடா?"

"பாய் உட மாட்றாருக்கா. பத்து மணிலேர்ந்து இத்த தூக்கி வச்சிகினு கீறேன்."

பாய் அம்மாவைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார். நானும் எக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் மாமா ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாய் அவசரமாக என் முகத்தை வேறொரு படத்திலிருந்து வெட்டி அந்தத் தலையணையின் மேல் வைத்துக் காட்டினார்.

"இந்தக் கையப் பாரும்மா. தலகாணிக்கு வெயிட்டே இல்ல, கையும் சும்மா தொங்குது. இதுல பாப்பாவ வச்சா பாப்பா மெதக்கும். சரின்னு பக்கத்துக் கடையில அரிசி மூட்ட வாங்கியாந்து வச்சேன். வெயிட் வந்துச்சு. ஆனா மூட்டையப் பாத்து எவன்மா சிரிப்பான்? லாரிக்கு லோடு ஏத்துறவன் மாதிரி கீறாரு."

திரையில் மாமா நிஜமாகவே அப்படித்தான் இருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாய் என்னையும் ஒரு வாடிக்கையாளராக மதித்து விளக்கினார். இரண்டு படத்தை ஒன்றாக்க வேண்டுமென்றால் வெளிச்சம் இரண்டிலும் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். கேமரா ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அதற்காகத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். பச்சைத் துணியைக் கம்ப்யூட்டர் ஒரே தட்டில் அழித்துவிடும், அழித்த இடத்தில் கோயிலோ கடலோ எதை வேண்டுமானாலும் வைக்கலாம். விளிம்பைப் பஞ்சு மாதிரி மெத்தென்று ஆக்கிவிட்டால் வெட்டியது தெரியாது. கடைசியில் நிழல் போட வேண்டும். நிழல் இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆளும் பறப்பான் என்றார். நான் அன்றிலிருந்து ஒரு மாதம் எல்லோருடைய நிழலையும் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இன்னா பண்றது பாய்?" என்றாள் அம்மா.

"ஒரே ஒரு வாட்டி பாப்பாவ அவரு மடியில உக்கார வச்சி எடுத்துர்றேன். அளவுக்குத்தான். அப்பறம் தனித்தனியா எடுத்து ஒட்டிக்கலாம்."

"ஊட்ல அவரு கேட்டா?"

"ஒட்டினதுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ ஏம்மா பயப்படுற?"

மாமா பேன்ட் சட்டையில் வந்திருந்தார். படத்துக்கு வேட்டிதான் நன்றாக இருக்கும் என்று பாய், ஸ்டுடியோ கோட்டு தொங்கும் அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்துப் பிரித்தார். ஒட்டியிருந்த விலைச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு நீட்டினார்.

"யாருதுண்ணா இது?"

"ஸ்டுடியோவுது. கட்டு தம்பி, நேரமாவுது."

வேட்டி கட்டிக்கொண்டு வர மாமாவுக்கு ஏனோ ரொம்ப நேரம் ஆனது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்ததும் அம்மா அவர் வேட்டியின் கரையைப் பார்த்தாள். ஒரு முனையைக் கையில் பிடித்து, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். அரக்குக் கரை, நடுவில் மஞ்சள் கோடு. பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

மாமா மடியில் உட்கார்ந்தேன். அவர் மேல் அப்பா மேல் அடிக்கும் அதே கட்டிங் ஆயில் வாசம் அடித்தது. பட்டறை மாறினாலும் லேத்து லேத்துதானே. அதனால்தானோ என்னவோ எனக்குக் கூச்சமே வரவில்லை. "இவ்ளோ கனமாடி நீ?" என்றார் மாமா. கடைசியாக என்னைத் தூக்கியபோது நான் இரண்டு வயதுப் பிள்ளை. அவர் கை என் பாவாடையை அழுத்திப் பிடித்ததில் பட்டு கசங்கியது. அம்மா அதை நீவிவிட வந்தபோது பாய் தொடாதே என்று கத்தினார். பாய் அதட்டிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். மாமா என் உச்சந்தலையைப் பார்த்துச் சிரித்தார். பாய் எடுத்தார்.

"இப்ப தனித்தனியா எடுக்கலியா?" என்று கேட்டேன்.

"எடுத்தாச்சு பாப்பா" என்றார் பாய். எனக்கு லஞ்சமாக, பிறை நிலாவில் உட்கார்ந்து கால் ஆட்டுவது போல ஒரு படம் எடுத்துத் தந்தார். அதற்கு ஒரு பச்சை ஸ்டூலும் என் காலும் போதுமாக இருந்தன.

மாமா வேட்டியை மடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனார். "நீயே வச்சிக்க தம்பி, இங்க எவன் கட்டப் போறான்" என்றார் பாய். மாமா மறுபேச்சுப் பேசாமல் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பாய் போல ஒரு தாராளமான மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

பஸ் ஏறும் முன் அம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "தனித்தனியாத்தான் எடுத்தாங்க. அப்பாகிட்ட வேற எதுவும் சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத. புரியுதா?"

புரிந்தது. என் வாழ்க்கையில் முதல் ரகசியம். அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சாயந்திரம் அப்பா வந்து, "பாய் படம் எடுத்தாரா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"தனித்தனியா எடுத்தாரு! மாமாவ நான் பாக்கவே இல்ல! அவரு பத்து மணிக்கே போய்ட்டாரு!"

"நான் அதக் கேக்கவே இல்லியே" என்று அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. கோபம் என்று நினைத்துக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நான் வாய் தவறினால் விசேஷம் நின்றுவிடும், காதும் மூளியாகவே இருந்துவிடும், அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவ்வளவும் என் நாக்கில் இருந்தது. அந்த வாரம் பூராவும் தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று குப்புறப் படுத்தேன்.

விசேஷ நாளில் மண்டப வாசலில் பேனர் நின்றது. பின்னால் தங்கக் கோபுரம், மேலே இரண்டு தேவதைகள் பூத்தூவ, கீழே அன்னப்பறவை பூட்டிய ரதம். நடுவில் சிம்மாசனத்தில் மாமா, அவர் மடியில் நான். கோபுரம், தேவதை, அன்னம், ரதம் எல்லாம் பாயின் கைவண்ணம். ஆனால் உறவுக்காரர்கள் அந்த அன்னத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. சண்டை இருப்பது எல்லோருக்கும் தெரியும், தனித்தனியாக எடுத்து ஒட்டிய கதையும் பரவியிருந்தது. எல்லோர் கண்ணும் மடியின் மேலேயே இருந்தது.

"பாவாட கசங்கினதக்கூட போட்டுகிறாரு பாரு!"

"கரைய பாத்தியா? நம்ம ஊட்டு வேட்டிக் கரையாவே மாத்திட்டாரு!" என்றார் பெரியப்பா, தன் வேட்டியை விரித்து ஒப்பிட்டுக்கொண்டே. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற பாயிடம், "அந்தக் கைக்கு அடியில நெழலு எப்டி பாய் போட்ட?" என்று கேட்டார்.

பாய்க்கு முகமெல்லாம் வேர்த்தது. செய்த வேலைக்கு யாரும் பாராட்டவில்லை, செய்யாத வேலைக்கு மாலை விழுகிறது. "அது நான் போட்டதில்லீங்க, அல்லா போட்டது" என்றார். என்ன அடக்கம் என்று பெரியப்பா அதற்கும் மெச்சினார்.

அப்போதுதான் அத்தை வந்தாள். இடுப்பில் பையனுடன் பேனருக்கு முன்னால் நின்றாள். கொஞ்ச தூரத்தில் பன்னீர்ச் சொம்புடன் நின்றுகொண்டிருந்த அப்பா தரையைப் பார்த்தார். அத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"நெஜமாவே மாமா மடியில உக்காந்தியா?"

அத்தையிடம் நான் பொய் சொன்னதே இல்லை. அம்மா பந்தலின் அந்தக் கோடியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அத்த. தலகாணி மேல" என்றேன். "பாய்தான் என்னை அதுமேல ஒட்டினாரு."

அத்தை மறுபடியும் படத்தைப் பார்த்தாள். "ஒங்க மாமா தொப்ப போட்டுட்டாரு" என்று சொல்லிச் சிரித்தாள். சாதாரணச் சிரிப்புதான். பிறகு அப்பாவைப் பார்த்து, "வெயில்ல இன்னாத்துக்குண்ணா நிக்கிற, உள்ள வா" என்று அவர் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டாள். அப்பா வரும் வழியில் என்னைத் தூக்கிக்கொண்டார். ஏழு வயதுப் பெண்ணை எல்லோர் முன்னாலும் தூக்குகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மண்டபத்துக்குள் இரவல் மாமாவின் எலும்பு மடியில் உட்கார்ந்து, ஆசாரியின் கையைக் கடித்து, ஒருவழியாகக் காது குத்திக்கொண்டேன்.

அந்த ரகசியத்தை நான் காலேஜ் போகும் வரை காப்பாற்றினேன். அதற்குள் அத்தையே முன்னால் நின்று மாமாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, அப்பாவும் மாமாவும் பழையபடி பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "நான் நெஜமாவே மடியில உக்காந்தது அப்பாவுக்கு இன்னும் தெரியாது இல்லம்மா?" என்று கேட்டேன். அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தலையணை சரியாக வராது என்று சொல்லச் சொன்னவரே அப்பாதானாம். வேட்டியைச் சனிக்கிழமையே கொண்டுபோய் பாயிடம் கொடுத்துவிட்டாராம். கரையைப் பார்த்ததும் அம்மாவுக்கும் மாமாவுக்கும் தெரிந்துவிட்டது. யாரும் அதை வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா கோபப்பட்டே ஆக வேண்டியிருக்கும். ஆக அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்றை, அதைச் செய்த மனிதரிடமிருந்தே மறைக்க நான் வாரம் பூராவும் குப்புறப் படுத்திருக்கிறேன்.

காது குத்திய வருடம் ஐப்பசியில் நல்ல மழை. எங்கள் தெருவில் எந்த விசேஷத்தின் பேனரும் பிறகு யார் வீட்டுக் கூரைக்காவது போய்விடும். கூரையில் யார் வீட்டு மாப்பிள்ளையாவது சிரித்தபடி மழையில் நனைந்துகொண்டிருப்பார். எங்கள் குளியலறைக் கூரையும் ஒழுகியது. பரணில் நம் பேனர் புத்தம்புதிதாகச் சும்மாதானே கிடக்கிறது, அதைப் போட்டால் என்ன என்று பெரியப்பா கேட்டார். அப்பா மழையோடு மழையாக வெளியே போனார். யாரோ ஒரு மணமக்களின் கிழிந்த பேனரை எங்கிருந்தோ வாங்கி வந்து, தானே மேலே ஏறி விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டுத் தொப்பலாக இறங்கினார். துவட்டிக்கொண்டே ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் இருந்த எங்கள் பேனரின் மேல் சொட்டு விழுகிறதா என்று தடவிப் பார்த்தார். கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் தொங்கட்டான் ஆடத் தலையை ஆட்டிச் சொன்னேன். என் படம் நனையக் கூடாது என்று எங்க அப்பா மழையில் நனைந்தார் என்று.